பவர் சப்ளை டெஸ்டர்: அது காட்டும் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கொம்பியூட்டரைப் போட்டால் லோகோ வருகிறது, திரை கறுக்கிறது, திரும்பவும் லோகோ. இந்தக் கோளாறுக்கு "விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவோம்" என்ற பேச்சுத்தான் முதலில் எழும்பும். அதற்கு முன்னர் பவர் சப்ளையை, அதாவது சுவர்க் கரண்டைக் கொம்பியூட்டருக்கேற்ற வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் உள்பெட்டியை, பார்த்துவிட வேண்டும். அதற்கென்றே உள்ளங்கையளவில், சின்னத் திரையோடு வரும் டிஜிட்டல் டெஸ்டர் பல பெயர்களில் விற்பனைக்கு இருக்கிறது. உள்ளே எல்லாம் ஏறத்தாழ ஒரே சாமான்தான். நல்ல கருவி. ஆனால் அது "பழுது" என்று சொன்னால் அப்படியே நம்பலாம். "நல்லம்" என்று சொன்னால் பாதிதான் நம்பலாம்.

டெஸ்டரைத் தொட முதல், எந்த இடத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்று கவனியுங்கள். பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னர் வரும் மதர்போட்டின் அமைப்புத் திரை) போய் அரை மணித்தியாலம் விட்டாலும் நிற்காமல் ஓடுகிறது, விண்டோஸ் வட்டம் சுற்றும்போது மட்டும் விழுகிறது என்றால் டிரைவர், டிஸ்க், அப்டேட் பக்கம்தான் சந்தேகம் கூட. தொடக்கத்தில் இரண்டு மூன்று முறை பவர் பட்டனை அமர்த்திப் பிடித்து நிறுத்தினால் பழுதுபார்க்கும் நீலத் திரை வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸுக்குப் போய் பிழை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் தெரிவை எடுங்கள். பிறகு பிழைக் குறியீடு திரையில் நின்று தெரியும். லோகோவுக்கு முன்னரே, அல்லது பயோஸுக்குள்ளேயே விழுந்தால் விண்டோஸில் குற்றமில்லை. டெஸ்டருக்கு வேலை அங்கேதான்.

சுவரில் கரண்டை நிறுத்தி, வயரைக் கழற்றி, மதர்போட்டின் 24 பின் செருகியையும் சிபியுவுக்குப் போகும் 8 பின் செருகியையும் டிஸ்க்குகளுக்குப் போகும் வயர்களையும் எடுத்துவிடுங்கள். 24 பின்னை டெஸ்டரில் கொழுவிக் கரண்டைப் போட்டால் திரையில் எண்கள் வரும். 12 வோல்ட் 11.40க்கும் 12.60க்கும் இடையில், 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையில், 3.3 வோல்ட் 3.14க்கும் 3.47க்கும் இடையில் இருக்கவேண்டும். சிபியு செருகியையும் கிராபிக்ஸ் கார்ட் செருகியையும் ஒரே நேரத்தில் கொழுவக்கூடாது, ஒவ்வொன்றாகத்தான்.

பலர் பார்க்காமல் விடும் எண் பிஜி (PG, பவர் குட்). கரண்ட் சீரானதும் பவர் சப்ளை மதர்போட்டுக்கு அனுப்பும் "தயார்" சைகை அது. 100 முதல் 500 மில்லிசெக்கனுக்குள் வரவேண்டும். சாம்பல் நிற வயரில் போகும் இந்த 5 வோல்ட் இடையில் விழுந்தால் மதர்போட் உடனே ரீசெட் ஆகும். திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவதற்கு நேரான காரணங்களில் ஒன்று இது. வோல்ட் எல்லாம் சரியாக இருந்து பிஜி மட்டும் பிசகினாலும் அந்தப் பவர் சப்ளையை ஒதுக்கிவிடுங்கள்.

குறைபாடு எங்கே? டெஸ்டர் இழுப்பது மிகச் சிறிய சுமை. மின்னைத் தேக்கும் கப்பாசிட்டர் களைத்துப்போன பவர் சப்ளை அதில் 12.1 காட்டி நிற்கும். சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றாக இழுக்கும்போது 11க்குக் கீழே போய்விடும். கொம்பியூட்டரை ஓடவிட்டு, வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றரை மஞ்சள், கறுப்பு வயர்களில் பிடித்துப் பார்க்கலாம், ஆனால் கண்மூடித் திறக்கும் நேரத்துச் சரிவை அதுவும் பிடிக்காது. முடிந்த முடிவு, நன்றாக ஓடும் இன்னொரு பவர் சப்ளையை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான். எந்தக் காரணத்துக்காகவும் பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் கரண்டில் உள்ளே 320 வோல்ட்டுக்குக் கிட்ட தேங்கி நிற்கும், வயரைக் கழற்றிய பிறகும்.

டெஸ்டர் சொல்லாத இன்னும் இரண்டு விஷயம் நமது திருகோணமலையில் முக்கியம். உப்புவெளி, திருக்கடலூர்ப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று. றாமின் (நினைவகத் தகடு) தங்க நிறப் பற்களில் மங்கல் படியும். கழற்றி, வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ஒரு றாமை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. அடுத்தது பவர் பட்டன். துருப்பிடித்து உள்ளே ஒட்டிக்கொண்டால் அமர்த்திப் பிடித்ததற்குச் சமன்: நாலு செக்கனில் பெட்டி அணையும். பட்டனின் இரண்டு வயரையும் மதர்போட்டிலிருந்து கழற்றி, அந்த இரு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். நின்று ஓடினால் பிழை பட்டனில்தான், செலவேயில்லை.

வாங்கலாமா? கொம்பியூட்டர் திருத்துகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். வீட்டுக்கு ஒன்று தேவையில்லை, ஒழுங்கைக்கு ஒன்று இருந்தால் போதும்; அந்தக் காசைத் தரமான பவர் சப்ளைக்குச் சேர்ப்பது புத்தி. வாங்குவதானால் பிஜியை எண்ணில் காட்டுவதாக வாங்குங்கள், வெறும் விளக்கு மட்டும் எரிவது வேண்டாம். வீட்டில் இருப்பது அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி, லெனோவோ பெட்டியென்றால் முதலில் கொம்பியூட்டர்ப் பெட்டியின் மூடியைத் திறந்து (பவர் சப்ளையின் மூடியை அல்ல) மதர்போட் செருகியின் பின்களை எண்ணுங்கள். அவற்றில் பல மாடல்களில் 24 பின்னே கிடையாது, இந்த டெஸ்டர் பொருந்தாது.