சிஸ்பர் 35-உடன் ஏழு ஆண்டுகள்: கேபிளின் மறுமுனை எங்கே?

தொலைத்தொடர்புக் கருவிகளின் மின்காந்தத் தாங்குதிறன் (வெளியிலிருந்து வரும் மின் தொந்தரவுகளைத் தாங்கி இயங்கும் திறன்) சோதனைகளுக்கு 2018 முதல் சிஸ்பர் 35 தரநிலையைப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் கைக்குப் பழகியிருந்தது பழைய தரநிலையான சிஸ்பர் 24. 2016இல் வெளியான புதிய தரநிலையில் அட்டவணைகளை முதலில் மனப்பாடம் செய்துவிட்டேன். அவற்றின் அடியில் உள்ள நிபந்தனைகளின் கனத்தை உணரத்தான் நாளாயிற்று.

உணர்த்தியது ஒரு சிறிய குரல் கேட்வே, அதாவது சாதாரணத் தொலைபேசிகளைக் கணினி வலையமைப்புடன் இணைக்கும் பெட்டி. பின்பக்கத்தில் நான்கு தொலைபேசி போர்ட்டுகள், இரண்டு ஆர்ஜே45 (ஈதர்நெட்) போர்ட்டுகள். தொலைபேசி போர்ட்டுகளை 'உட்புறம்' (கேபிள் கட்டடத்தை விட்டு வெளியே போகாது) என்று குறித்துச் சர்ஜ் சோதனையை, அதாவது மின்னல் போன்ற திடீர் மின்னழுத்த எழுச்சியைச் செலுத்திப் பார்ப்பதை, திட்டத்திலிருந்து விட்டிருந்தேன். பரிசோதனைக்கூடப் பொறியாளர் எங்கள் பயனர் கையேட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். 1.5 கிலோமீட்டர் வரை கம்பி இழுக்கலாம் என்று இருந்தது. "இவ்வளவு தூரம் ஒரே கட்டடத்துக்குள் போகுமா, சார்?"

போகாது. வெளிப்புறக் கேபிளுடன் நேரடியாக இணையக்கூடிய போர்ட் என்றால் சர்ஜ் சோதனை உண்டு. அதைத் தீர்மானிப்பது உற்பத்தியாளரின் விவரக்குறிப்பு. 10/700 மைக்ரோவினாடி அலையை (சுமார் 10 மைக்ரோவினாடியில் உயர்ந்து 700இல் பாதியாகத் தணியும் துடிப்பு) 1 கிலோவோல்ட்டில் செலுத்தியபோதே இரண்டு போர்ட்டுகள் செத்துப்போயின. மூடியைக் கழற்றினால் ரிலேயின் அருகே தாமிரத் தடம் கருகி, பச்சைப் பூச்சு உப்பியிருந்தது. முதன்மைப் பாதுகாப்பு (கம்பி கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் வைக்கும் மின்னல் காப்பு) பொருத்திச் செய்யும் 4 கிலோவோல்ட் சோதனைக்கு நாங்கள் போகவே இல்லை. இதற்குரிய 'சி' என்ற தேர்ச்சி அளவுகோல் தாராளமானது: சோதனையின்போது அழைப்பு அறுந்தாலும் பயனர் மறுபடி இயக்கி மீட்டுவிட்டால் போதும். கருகிய தடத்தை எந்தப் பயனர் மீட்பது?

கையேட்டில் அந்த வரியை நீக்கிவிடலாம் என்று அலுவலகத்தில் யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆலையின் வாயிற்காப்பு அறைக்கும் அலுவலகத்துக்கும் இடையே மரக்கிளைகளினூடே கம்பி இழுக்கும் வாடிக்கையாளர் எங்களுக்கு உண்டு. வரியை அழித்தால் மின்னல் நின்றுவிடாது. பாதுகாப்புக் கூறை ரிலேக்கு முன்னால் நகர்த்திப் பலகையைத் திருத்தினோம்.

மூன்று மீட்டர் விதியும் இதே இனம்தான். சமிக்ஞைப் போர்ட்டுகளுக்குப் பர்ஸ்ட் (வேகமான மின்துடிப்புகளின் தொடர்) சோதனையும், கேபிள் வழியே ஏறும் குறுக்கீட்டைப் பார்க்கும் கடத்தப்படும் ரேடியோ அலைச் சோதனையும் 3 மீட்டருக்கு மேற்பட்ட கேபிளை ஏற்கும் போர்ட்டுகளுக்கே. பெட்டியில் 1.5 மீட்டர் கேபிள் வைத்து அனுப்புவதால் ஈதர்நெட் போர்ட் விலக்குப் பெறாது. அது 100 மீட்டர் கேபிளை ஏற்கும் போர்ட். இதை விளக்கி நான் எழுதிய மின்னஞ்சல்களுக்குக் கணக்கில்லை.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் கடத்தப்படும் ரேடியோ அலைச் சோதனையில் உள்ளது. சிஸ்பர் 24இல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை சீராக 3 வோல்ட். 35இல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை 3 வோல்ட், 30இல் 1 வோல்ட்டாக இறங்கி அப்படியே தொடர்கிறது. ரிசீவரைக் காதில் வைத்தால், சோதனை அலையின் மேல் ஏற்றிய 1 கிலோஹெர்ட்ஸ் பண்பேற்றம் மெல்லிய விசிலாகக் கேட்கும். ஒருமுறை அந்த விசிலைத் தேடி ஒரு பகல் முழுக்கப் போனது. கடைசியில், கூடுதல் கேபிள் சோதனை அமைப்பின் உலோகத் தரைத் தகட்டின் மேல் சுருண்டு கிடந்தது. 3 சென்டிமீட்டர் தூக்கி நேராக வைத்ததும் அடங்கிவிட்டது. அறிக்கையில் கேபிள் அமைப்பின் படத்தைச் சேர்க்காமல் நான் இப்போது கையெழுத்திடுவதில்லை.

சிஸ்பர் சர்ஜில் தேறினால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-டி கே.21 பரிந்துரை தேவையில்லையே என்று பலர் கேட்கிறார்கள். கே.21 வாடிக்கையாளர் இடத்துக் கருவி மிகை மின்னழுத்தத்தில் சேதமாகிறதா என்று பார்ப்பது. மின்கம்பி தொட்டுவிடும் நிலையும் அதில் சேரும். ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

என் திட்டப் படிவத்தில் போர்ட்டின் பெயருக்கு முன்பே, கேபிளின் மறுமுனை எங்கே என்ற கட்டம் இருக்கிறது. இரு கட்டடங்களுக்கு இடையே மண்ணுக்கடியில் குழாயில் போகும் கேபிளை என்னவென்று எழுதுவது என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். மின்னல் இறங்கும்போது இரு கட்டடங்களின் புவித்தொடர்பும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அதனால் 'வெளிப்புறம்' என்றே எழுதச் சொல்கிறேன்.