விக்கிரகம் எங்கே இருக்கிறது? ஐந்து இறையியல் நூல்கள், ஓர் ஒப்பீடு

நம் சபைகளில் விக்கிரகாராதனை பற்றிய பிரசங்கம் பெரும்பாலும் சபைக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. பவுலோ கொலோசெயர் 3:5இல் 'விக்கிரகாராதனையான பொருளாசை' என்று விசுவாசிகளுக்கே எழுதுகிறார். அந்த வழியில் நின்று நவீன வாழ்க்கையின் தெய்வங்களை விசாரிக்கும் ஆங்கில நூல்களில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். நோய்க்கு ஐந்தும் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன. அது எந்த இடத்தில் பற்றியிருக்கிறது என்பதில்தான் ஆசிரியர்கள் பிரிகிறார்கள்.

அதிகம் விற்பதும் எளிதில் கிடைப்பதும் திமொத்தி கெல்லரின் 'கவுண்டர்ஃபிட் காட்ஸ்' (2009). நியூயார்க்கின் மன்ஹாட்டனில் போதகராக இருந்த கெல்லர், 2008 நிதி நெருக்கடியின் சூட்டில் இதை எழுதினார். நல்லதொன்று நம் வாழ்வின் உச்சப் பொருளாகும்போது அது விக்கிரகமாகிறது என்பது அவர் வாதம். ஆபிரகாமுக்குப் பிள்ளை, சகேயுவுக்குப் பணம், நாகமானுக்கு வெற்றி, நேபுகாத்நேச்சாருக்கு அதிகாரம் என்று வேதாகமக் கதைகளின் வழியாகவே போகிறார். ராகேலை மணக்க ஏழு வருடம் உழைத்த யாக்கோபு, மாமனாரால் ஏமாற்றப்பட்டு, விடிந்ததும் அவளுடைய அக்கா லேயாளைக் காணும் இடம் நூலின் சிறந்த பகுதி. நாம் எதை நம்பி ஏங்கினாலும் விடிந்து பார்த்தால் லேயாள்தான் என்கிறார். பணம், காதல் போன்றவை மேலோட்டமான விக்கிரகங்கள். அவற்றுக்கு அடியில் அதிகாரம், அங்கீகாரம், சுகம், கட்டுப்பாடு என்னும் ஆழமான ஆசைகள் உள்ளன என்ற பகுப்பு ஆத்தும விசாரிப்புக்கு மிகவும் உதவும். ஒரே வீட்டில் ஒருவர் பணத்தைச் சேர்த்துக் குவிப்பதும் இன்னொருவர் வாரி இறைப்பதும் ஏன் என்று இதை வைத்து யோசிக்கலாம்.

ஆனால் கெல்லரின் விளக்கு பெரும்பாலும் தனிமனித இதயத்தின் மேல்தான் விழுகிறது. அரசியலையும் கலாச்சாரத்தையும் அவர் தொடாமல் இல்லை. தொட்டுவிட்டு மறுபடியும் இதயத்துக்கே திரும்பிவிடுகிறார். ஒரு வங்கியில் இருக்கும் அத்தனை பேரும் மனந்திரும்பினாலும் அந்த வங்கியின் இலக்குகளும் ஊக்கத்தொகையும் அப்படியே இருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு அவரிடம் போதிய பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடுபவர்கள் பாப் ஹவுட்ஸ்வார்டின் 'ஐடல்ஸ் ஆஃப் அவர் டைம்' (1984) நூலுக்குப் போக வேண்டும். ஹவுட்ஸ்வார்ட் டச்சுப் பொருளாதார அறிஞர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். புரட்சி, தேசம், பொருள் வளம், பாதுகாப்பு என்று ஒரு சமூகம் தன் இலக்கை முழுமுதலாக்கிவிட்டால், அதற்கான வழிகள் எல்லாம் நியாயமாகிவிடுகின்றன. பிறகு அந்த வழிகளே மனிதரை ஆளத் தொடங்குகின்றன. பாதுகாப்புக்காகத் தொடங்கிய ஆயுதப் போட்டி எவருக்கும் பாதுகாப்பைத் தராமல் பலி கேட்டுக்கொண்டே இருக்கும் விதத்தை அவர் காட்டுகிறார். உதாரணங்கள் பனிப்போர்க் காலத்தவை என்பதால் பழைய நாளிதழ் படிப்பதுபோல இருக்கும். வாதம் பழையதாகவில்லை. 'வளர்ச்சி' என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைக்கும் எந்த நாட்டுக்கும் இது பொருந்தும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் எல்லுல் இன்னும் கடுமையானவர். போர்தோவில் பேராசிரியராக இருந்த அவர் 1973இல் எழுதிய நூல் ஆங்கிலத்தில் 'த நியூ டீமன்ஸ்' என்று வந்தது. நவீன மனிதன் மதத்தைக் கடந்து வயதுக்கு வந்துவிட்டான் என்று அன்றைய இறையியலாளர் சிலர் கொண்டாடியபோது, புனிதம் எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்றார் எல்லுல். தொழில்நுட்பமும் பாலுறவும், தேசிய அரசும் புரட்சியும் அவர் கண்ட புதிய புனிதங்கள். நம்மை அடிமையாக்குவது தொழில்நுட்பமன்று, அதன்மேல் நாம் ஏற்றிவைத்த புனிதமே என்ற அவர் கருத்து, கைபேசியைக் குறை சொல்லும் வழக்கமான பிரசங்கங்களைவிட வெகுதூரம் போகிறது. எழுத்து அலையும், திட்டும், சொன்னதையே சொல்லும். பொறுமையில்லாதவர்கள் தொட வேண்டாம்.

வேதாகம அறிஞர் கிரெகரி பீலின் 'வீ பிகம் வாட் வீ வர்ஷிப்' (2008) வேறு ரகம். 'அவைகளைப் பண்ணுகிறவர்களும், அவைகளை நம்புகிறவர்கள் யாவரும், அவைகளைப்போலவே இருக்கிறார்கள்' என்ற சங்கீதம் 115:8இன் கருத்தை, ஏசாயா 6ஆம் அதிகாரத்தில் தொடங்கி வேதாகமம் முழுவதிலும் தேடிப்போகிறது. பிரசங்கம் தயாரிப்பவருக்குச் சுரங்கம். மற்றவர்கள் நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் போதும்.

என் வாக்கு லெஸ்லி நியூபிகினுக்கு. 1936இல் மிஷனரியாகத் தமிழகம் வந்தவர், தமிழ் கற்று, காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது மதுரை - இராமநாதபுரம் பேராயரானவர். காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் சமயப் பெரியோர்களின் படவரிசையில் இயேசுவின் படமும் இருந்ததையும், கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடு நடந்ததையும் அவர் நினைவுகூர்கிறார். இயேசுவை இந்து உலகப்பார்வைக்குள் இழுத்துக்கொள்ளும் கலப்பு என்றுதான் முதலில் அவருக்குத் தோன்றியது. அதே இயேசுவைத் தானும், பகுத்தறிவையே அளவுகோலாக்கிய ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் உலகப்பார்வைக்குள் அடக்கி வைத்திருப்பதை மெல்ல மெல்லத்தான் உணர்ந்தார். 1974இல் இங்கிலாந்து திரும்பியபின் அவர் எழுதிய 'ஃபூலிஷ்னஸ் டு த கிரீக்ஸ்' (1986) நூலுக்கு இந்த உணர்வே அடித்தளம். அறிவியல் சொல்வது எல்லாருக்கும் பொதுவான உண்மை, விசுவாசம் அவரவர் சொந்த விருப்பம் என்ற நவீனப் பிரிவினையைச் சபை கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதுதான் அவருடைய குற்றச்சாட்டு. இங்கே விசாரிக்கப்படுவது விசுவாசியின் இதயமோ அரசின் கொள்கையோ மட்டுமல்ல. இரண்டையும் எடைபோட நாம் பயன்படுத்தும் தராசு.

கெல்லரைப்போல மனதைத் தைக்கும் கதைகள் இதில் குறைவு. எல்லுலின் சீற்றமும் இல்லை. ஆனால் வேறொரு கலாச்சாரத்துக்குள் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, பிறகு சொந்த ஊரை அந்நியனாகப் பார்த்தவரின் பார்வை மற்ற நால்வரிடமும் இப்படி வெளிப்படவில்லை.

வாலிபர் குழுவில் சேர்ந்து படிக்கக் கெல்லர் சரி. அடுத்த சுற்றுக்கு ஹவுட்ஸ்வார்டை வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நியூபிகினை வாங்குங்கள். ஏறக்குறைய 150 பக்கம்தான். அறிவியலோடு உரையாடும் நான்காம் அத்தியாயம் கடினமாக இருந்தால் அதை விட்டுவிட்டு, திருச்சபை எப்படி இருக்க வேண்டும் என்று பேசும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுத் திரும்பி வரலாம்.