செயின் கழுவும் பெட்டி: வாங்கலாமா?

ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஓடும் சைக்கிள்களின் செயினில் கருப்புப் பிசுக்கு சீக்கிரம் ஏறிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளப்பும் புழுதியும் தேங்காய் நார்த் தூளும் எண்ணெயோடு கலந்து, உப்புத்தாள் போட்டதுபோல் செயினின் பின்னையும் (கண்ணிகளைக் கோக்கும் சிறு ஆணி) ரோலரையும் (அதன்மேல் உருளும் வளையம்) தேய்க்கும். செயினைக் கழற்றாமலே இதை எடுக்க விற்பதுதான் இந்தப் பிளாஸ்டிக் பெட்டி. எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே பெரும்பாலும் சுழலும் பிரஷ்கள், அடியில் திரவத் தொட்டி, சிலவற்றில் ஒரு ஸ்பாஞ்சும் இருக்கும். அடியில் காந்தம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உதிரும் இரும்புத் தூள் திரும்பச் செயினில் ஏறாமல் அது பிடித்து வைக்கும்.

குறித்த கோடு வரை டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம்) ஊற்றி, செயினின் கீழ்ப்பக்கத்தில் மாட்டி, பெடலைப் பின்பக்கமாக மெதுவாக 30 சுற்று சுற்றினால் போதும். வேகம் காட்டினால் தெறிக்கும். டிஸ்க் பிரேக் வண்டியானால் முதலில் ரோட்டரை (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) பாலிதீன் பையால் மூடிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பிரேக் கத்தும், பிடிப்பும் குறையும்.

முதலில் ஊற்றியது உடனே கருத்துப்போகும். பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளித்தட்டு பளபளக்கும், மணல் மட்டும் ரோலருக்குள்ளேயே கிடக்கும். அழுக்கைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், நிறம் தெளியும் வரை. அதன்பின் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீர், கடைசியாக வெறும் தண்ணீர். செயினைப் பக்கவாட்டில் லேசாக வளைத்துப் பாருங்கள். நறநறவென்றால் உள்ளே இன்னும் மண் இருக்கிறது. அந்த நிலையில் இந்தப் பெட்டியால் ஆகாது. செயினைத் திறந்து மூடும் இணைப்பு லிங்க்கைக் கழற்றி, செயினை அகலவாய்ப் பாட்டிலில் டீகிரீசரோடு போட்டுக் குலுக்க வேண்டும்.

டீகிரீசருக்குப் பதில் சீமெண்ணெயும் அழுக்கை எடுக்கும். ஆனால் மெதுவாகத்தான் காயும், மிச்சம் நின்றால் புது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து. துரு நீக்கும் அமிலம் எஃகை விரிசல் விடவைக்கும், அதையும் தொடாதீர்கள்.

கழுவியதைவிட எண்ணெய் விடுவதில்தான் செயினின் ஆயுள் இருக்கிறது. துணியால் துடைத்து, முழுதும் காயவிட்டு, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, செயினின் உள்பக்கமாக. சில மணி நேரம் கழித்து வெளியே நிற்பதை அழுத்தித் துடைத்துவிடுங்கள், வெளியில் உள்ள எண்ணெய் புழுதியைத்தான் இழுக்கும். காற்றுக் காலத்துக்கு உலர் லூப் (புழுதி அதிகம் ஒட்டாத செயின் எண்ணெய்), மழையில் வால்பாறை ஏறுவோருக்கு ஈர லூப் (தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாதது). தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும், ஊட்டிக் குளிரில் உறைந்தும் போகும். பழைய இன்ஜின் ஆயிலில் ஏற்கனவே இரும்புத் தூள் இருக்கும்.

பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன் செயினை அளந்துவிடுங்கள். ஒரு பின்னை விட்டு, அதற்கு அடுத்ததை ஒன்று என எண்ணி 24-வது பின் வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை இழுத்தால் பின்சக்கரத்துப் பல்சக்கரமும் சேர்ந்து போகும்.

கியர் சைக்கிளை அடிக்கடி ஓட்டுபவர் தாராளமாக வாங்கலாம். முழு செயின் கவர் போட்ட சைக்கிளில் இது மாட்டாது, அதற்குப் பழைய பல் பிரஷ்ஷும் துணியும் போதும்.