பற்றரி மாற்றியாச்சு, கோபம் மாறவில்லை

போன கிழமை பற்றரி உப்பி, என் பழைய 3ஜி போனின் பின்மூடி தானாகவே கழன்று விழுந்தது. திருத்தக் கொடுத்த கடைத் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதில 4ஜி கூட இல்லையே?" என்றான். அடுத்த நாள் நண்பன் ஒருவன்: "மச்சான், அம்மாவுக்கு இதே போன் பழசாக் கிடைக்குது. வாங்கட்டா?"

வேகத்தைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. பெட்டியில் போட்டிருந்த 7.2 எம்பிபிஎஸ்ஸை நான் கண்டதும் இல்லை, தேடியதும் இல்லை. என் கோபம் வேறு. பகலில் மூன்று கோடு சிக்னல் காட்டுகிற அதே கதிரையில், பின்னேரம் ஆறு மணிக்கு மேல் ஒரு கோடு. டவரும் நகரவில்லை, நானும் நகரவில்லை. சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் சனம் திரண்டால் அந்த ஒன்றும் போய்விடும்.

இது பழுது இல்லை, 3ஜி போனும் டவரும் பேசிக்கொள்கிற டபிள்யூ-சிடிஎம்ஏ என்ற முறையின் பிறவிக்குணம். அதற்கு முந்தின 2ஜி முறையான ஜிஎஸ்எம்மில் ஒரு அலைவரிசையின் அகலம் 200 கிலோஹேர்ட்ஸ். இதில் 5 மெகாஹேர்ட்ஸ். அந்த அகலத்துக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, அவரவர் குறியீட்டை வைத்துத்தான் டவர் ஆளைப் பிரித்தெடுக்கிறது. மீன் ஏலம் மாதிரித்தான். சத்தம் கூடினால் கடைசி வரிசையில் நிற்பவன் கேட்ட விலை ஏலக்காரர் காதில் விழாது. ஆள் கூடக் கூட டவரின் எல்லை சுருங்கும், கலைந்ததும் விரியும். 'செல் மூச்சு விடுகிறது' என்பார்கள் பொறியியலாளர்கள். அது சுருங்கும்போது வெளியே நிற்பது என் வீடு.

போதாததற்கு, டவர் ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 1500 தடவை 'அனுப்புகிற சக்தியைக் கூட்டு, குறை' என்று உத்தரவு போடும். ஓரத்தில் கிடக்கிற என் போனுக்குப் பெரும்பாலும் 'கூட்டு'தான் வரும்போல. ஒரு அழைப்பு முடிவதற்குள் காது சுடும். பற்றரி உப்பியதற்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் சந்தேகம்.

சரி, நியாயமும் சொல்ல வேண்டும். மூதூர் பஸ்ஸில் பேசிக்கொண்டே கிண்ணியாப் பாலத்தைக் கடந்திருக்கிறேன், எத்தனையோ தடவை. ஒரு டவரை விடுமுன்பே அடுத்ததையும் பிடித்துக்கொள்வதால் குரல் ஒரு சொல்லில்கூட அறுந்ததில்லை. காற்று இரைச்சலுக்குள்ளும் அக்கா பெருமூச்சு விட்டது கேட்டது.

ஜெர்மனியில் இருக்கிற மச்சாள் சிரிக்கிறாள். அங்கே 2021 இலேயே 3ஜியை நிறுத்திவிட்டார்கள். நண்பனிடம், வாங்காதே என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். எனக்கு மட்டும் புதுப் பற்றரி.

இப்போது இரவு எட்டு மணி, கோடே இல்லை. விடிய, ஊர் எழும்புமுன் இதை அனுப்புகிறேன்.