ஸ்பானிஷ் அரசியல் சொற்கள்: அட்டையா, நாளிதழா?

கோலாலம்பூரில் ஸ்பானிஷ் படிக்கும் நம் பிள்ளைகள் அரசியல் பாடத்துக்கு வந்ததும் கேட்பது இதுதான்: சொல் அட்டையை வைத்து மனப்பாடம் செய்வதா, செய்தி படித்துப் பழகுவதா?

அட்டை வேகமானது. சோசியலிஸ்மோ கொள்கை; சோசியலிஸ்தா அதைப் பின்பற்றுபவர். ஆணோ பெண்ணோ, 'இஸ்தா' மாறாது. முன்னால் வரும் சிறுசொல் மட்டும் மாறும்: ஆணுக்கு எல், பெண்ணுக்கு லா. கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் இறங்குவதற்குள் பத்துச் சொல் மனத்தில் நின்றுவிடும். விதிக்கு அடங்காதவற்றுக்கும் அட்டைதான் நல்லது: லிபரலிஸ்மோவுக்கு (தாராளவாதம்) லிபரல், கொன்செர்வாதுரிஸ்மோவுக்குக் (பழமைவாதம்) கொன்செர்வாதோர், பெண்ணென்றால் கொன்செர்வாதோரா.

சரி, லிபெர்தாரியோவை அட்டையில் எப்படி எழுதுவீர்கள்? 1936இல் ஸ்பெயினின் சிஎன்டி தொழிற்சங்கம் முன்வைத்த 'கொமுனிஸ்மோ லிபெர்தாரியோ', அரசே வேண்டாம் என்றவர்களின் பொதுவுடைமை. 2023இல் அர்ஜென்டினா அதிபரான மிலேயும் தன்னை லிபெர்தாரியோ என்கிறார். அவர் கேட்பது தடையற்ற சந்தை. இரண்டும் எதிரெதிர் முகாம்! பெரோனிஸ்தாவும் லேசுப்பட்டதல்ல. 1946இல் அதே அர்ஜென்டினாவில் அதிபரான பெரோனின் பெயரில் பிறந்த அந்த அணியில் இடதுசாரியும் உண்டு, வலதுசாரியும் உண்டு. யார், எந்த நாட்டில், யாரைச் சொல்கிறார் என்பது செய்தியில்தான் பிடிபடும்.

என்னைக் கேட்டால் முதல் சில வாரம் அட்டை, அப்புறம் நாளிதழ். தேர்வு நெருங்கிவிட்டவர்கள் மட்டும் இப்போதைக்கு அட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.