கிராங் டம்பர் ஹப் செய்விக்கிறதெண்டா: கொக்குவில் பக்கத்து லேத் பட்டறை ஒண்டைப் பற்றி

போட் வைச்சிருக்கிற ஆக்களும் பழைய லொறி பஸ் எஞ்சினோட மாரடிக்கிற ஆக்களும் இதை வாசிச்சாக் காணும், மற்றவைக்கு விசர்க்கதை மாதிரிக் கிடக்கும். எங்கட அத்தான்ர போட் மயிலிட்டியில நிக்குது, உள்ளுக்க இருக்கிறது பழைய ஜப்பான் லொறி ஒண்டின்ர ஆறு சிலிண்டர் டீசல், அதின்ர கிராங் (பிஸ்ரன்கள் சுத்துற பிரதான தண்டு) மூக்கில, முறுக்கு ஆட்டத்தை அடக்கிற டம்பரைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற ஹப் எண்ட நடுத்துண்டு போயிட்டுது, புதுசு எடுக்கேலாது, கடைசியா யாழ்ப்பாணத்தில கொக்குவில் பக்கம் ஒரு லேத் பட்டறையில புதுசாவே கடைஞ்செடுத்தம். அந்தப் பட்டறையைப் பற்றித்தான் எழுதுறன். பேர் போடேல்ல, ஏனெண்டா அண்ணை கண்டிப்பாச் சொல்லிப்போட்டார், "பேஸ்புக் கீஸ்புக்கில என்ர பேரைப் போட்டுடாதை தம்பி, இருக்கிற வேலையே குவிஞ்சு கிடக்கு" எண்டு. வேணுமெண்டவை தனியாக் கேளுங்கோ, சொல்லுறன்.

பிரச்சினை துவங்கினது ஓயிலில. முன்பக்கச் சீல் (ஓயில் வெளியால வராமல் தடுக்கிற வளையம்) ஒழுகும், மாத்தினா கொஞ்சக் காலம் நிக்கும், பேந்தும் ஒழுகும். இந்த எஞ்சினில சீலின்ர உதடு உரஞ்சிக்கொண்டு ஓடுறது ஹப்பின்ர கழுத்திலதான், வருசக்கணக்கா ஓடி ஓடி அதில நகம் மாட்டுற அளவுக்குக் கோடு விழுந்திட்டுது, அதுக்கு மேல என்ன விலைச் சீல் போட்டும் வேலையில்லை. அது மட்டுமெண்டா மெல்லிய ஸ்லீவ் ஒண்டு ஏத்திச் சமாளிச்சிருக்கலாம், கழட்டிப் பாத்தா கீவேயும் (கீ எண்ட சின்ன இரும்புக் கட்டை உக்காருற பள்ளம்) வாய் அகண்டு போய்க் கிடக்கு. கனபேர் நினைக்கிறது அந்தச் சின்னக் கீதான் ஹப்பைச் சுத்துது எண்டு. இல்லை, கீ இருக்கிறது ஹப் எந்த நிலையில நிக்கோணும் எண்டதுக்கு, உண்மையான பிடி வாறது நடுப் போல்ற்றின்ர இறுக்கத்திலயும் துளைக்கும் கிராங்குக்கும் இடையில இருக்கிற இறுக்கமான பொருத்தத்திலயும்தான். முந்தி ஆரோ ரோர்க் றெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற சாவி) இல்லாமக் கைக்கணக்கில இறுக்கியிருக்கினம் போல, போல்ற் இளகினவுடன முழுப் பாரமும் கீயில ஏறி, எஞ்சின் ஓடுற நேரமெல்லாம் முன்னும் பின்னும் இடிச்சு கீவேயைத் திண்டு முடிச்சிட்டுது.

கொழும்பில நிக்கிற எங்கட பெடியன் ஒருத்தனைப் பழைய பாட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினம், ரெண்டு பழைய ஹப் அகப்பட்டுது, படம் அனுப்பினான், ரெண்டிலயும் அதே இடத்தில அதே கோடு. 2022 இல டொலர் 200 ரூபாயிலயிருந்து 360 க்குப் பாய்ஞ்சதுக்குப் பிறகு கழிச்சுவிட்ட இரும்புக்கும் அவங்கள் சொல்லுற விலை தலை சுத்தும். ஆரோ ஒழுகுது எண்டு எறிஞ்சதை அந்தக் காசுக்கு வாங்கி நாங்களும் ஒழுகவிடுறதோ எண்டு அத்தான் கேட்டார், ஞாயம்தான்.

இனிப் பட்டறை. வெளியால பாத்தா ஒண்டுமில்லை, தகரக் கொட்டில், வாசலில லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி, தண்ணிப் பம்பு, ஆற்றையோ கார்க் கதவு எண்டு கிடக்கும். உள்ளுக்க ஒரு பெரிய பழைய இங்கிலிஸ் லேத், ஒரு சின்னது, ஒரு சேப்பர் (முன்னும் பின்னும் போய் இரும்பைச் சீவுற மெசின்), ஒரு ட்ரில். அண்ணை 90 களில பொருளாதாரத் தடைக்குள்ள வேலை பழகின ஆள், பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில கார் ஓடின காலம், பற்றரியோ ஸ்பெயார் பாட்ஸோ வராது, இருக்கிறதைக் கடைஞ்சு போட்டாத்தான் வண்டி நகரும். அப்பிடிப் பழகின ஆக்கள் எங்கட ஊரில இன்னும் கொஞ்சப் பேர் இருக்கினம், ஆனா அவையளில கனபேர் பழசைப் பாத்து அப்பிடியே கொப்பி அடிக்கிறதோட நிப்பினம். அதுக்கு முதல் காட்டின ஒரு இடத்திலயும் அதுதான், பழைய ஹப்பின்ர துளையை வேர்ணியர் அளவுகோலால அளந்துபோட்டு உடன விலை சொன்னவங்கள். தேஞ்ச துளையை அளந்து செய்தா புதுசும் தேஞ்ச அளவிலதானே வரும்!

இவர் பழைய ஹப்பைக் கையில வாங்கி ஒரு பக்கம் வைச்சிட்டு முதல்ல கேட்டது "டம்பர் என்ன வகை, றப்பரோ ஓயிலோ?" எண்டு. அந்தக் கேள்வியிலயே எனக்கு ஆளில நம்பிக்கை வந்திட்டுது.

ஏன் அந்தக் கேள்வி முக்கியம் எண்டதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லோணும். ஆறு சிலிண்டர் எஞ்சினில கிராங் ஒரு சுத்துக்கு மூண்டு வெடி வாங்கும், 2000 ஆர்பிஎம்மில (நிமிசத்துக்கு 2000 சுத்து) ஓடினா செக்கனுக்கு 100 வெடி. ஒவ்வொரு வெடிக்கும் கிராங் ஈரச்சீலை பிழியிற மாதிரி ஒரு துளி முறுகித் திரும்பும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா முறுகும். பின்பக்கம் பாரமான ஃப்ளைவீல் இருக்கிறபடியா அந்தப் பக்கம் அடங்கி நிக்கும், முன் மூக்குத்தான் கூட ஆடும். கிராங்குக்கு எண்டு சொந்தமா ஒரு ஆட்ட வேகம் இருக்கு, வெடியின்ர வேகம் அதோட ஒத்துப் போற ஆர்பிஎம்மில ஓடவிட்டா ஆட்டம் கூடிக் கூடி ஒரு நாள் கிராங் ரெண்டாப் போகும். அதுக்குத்தான் மூக்கில டம்பர். றப்பர் வகையில உள்ளுக்க ஹப், வெளியால பாரமான வளையம், நடுவில றப்பர், மூண்டும் ஒண்டாத்தான் வரும், றப்பரின்ர இறுக்கமும் வளையத்தின்ர பாரமும் அந்த எஞ்சினுக்கெண்டு கணக்குப் பாத்து வைச்சது. ஓயில் வகையில மூடின பெட்டிக்குள்ள ஒரு வளையம் சும்மா மிதக்கும், சுத்திவரக் கெட்டியான சிலிக்கோன் ஓயில், இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, கிராங் துடிக்கேக்க வளையம் பின்தங்கும், ஓயில் அந்தத் துடிப்பைச் சூடாக்கித் திண்டிடும். எங்கடது ஓயில் வகை, பெட்டி வேற ஹப் வேற, போல்ற்றால பூட்டியிருக்கு, அதாலதான் ஹப்பை மட்டும் செய்யலாம் எண்டு ஒத்துக்கொண்டவர். றப்பர் வகையெண்டா தொடமாட்டன் எண்டு முதலே சொல்லிப்போட்டார்.

டம்பர் பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பாத்தவர், எங்கையாவது நெளிவு இருக்கோ எண்டு. வெளியால ஒரு சின்ன நெளிவு விழுந்தாலும் உள்ளுக்க அந்த இடைவெளி போயிடும், வளையம் உரஞ்சிப் பிடிக்கும், பேந்து அது டம்பரில்லை, வெறும் இரும்புப் பாரம். எங்கடது தப்பியிருந்தது. உதை வாசிக்கிற ஆரும் டம்பர் கழட்டேக்கச் சுத்தியலால தட்டினா, தயவு செய்து இண்டையோட விடுங்கோ, புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) பூட்டுறதெண்டாலும் ஹப்பில இருக்கிற ஓட்டைக்குள்ள போல்ற் போட்டுத்தான் இழுக்கோணும், வெளி வளையத்தைப் பிடிச்சு இழுக்கிறேல்ல.

அதுக்குப் பேந்து மைக்றோமீற்றரையும் தூக்கிக்கொண்டு மயிலிட்டிக்கே வந்திட்டார், கிராங் மூக்கை நேர அளக்கோணும் எண்டு. எஞ்சின் சூடாயிருக்கோ எண்டு கையை வைச்சுப் பாத்திட்டு, ஆறட்டும் எண்டு ரீ குடிச்சுக்கொண்டு குந்தியிருந்தார். மூக்கை மூண்டு இடத்தில, குறுக்கும் நெடுக்கும் அளந்து, சிவப்புச் சாயம் அடிச்சுத் துடைச்சு வெள்ளை அடிச்சு வெடிப்பு இருக்கோ எண்டும் பாத்தவர். கிராங்கில வெடிப்பு இருந்தா ஹப் செய்து காசைக் கரியாக்காதேங்கோ எண்டார். இப்பிடி வாற வேலையை வேண்டாமெண்டு சொல்ல ரெடியா நிக்கிற ஆளை நான் கன காலத்துக்குப் பிறகு கண்டது.

இரும்பு EN8, நடுத்தரக் காபன் உருக்கு, கொழும்பிலயிருந்து 150 மில்லிமீற்றர் விட்டத்தில துண்டு வெட்டுவிச்சு எடுப்பிச்சவர். பழைய அக்சில் கிடக்குத்தானே அதில கடையலாமே எண்டு அத்தான் கேட்டதுக்கு, "அது என்ன உருக்கெண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, உள்ளுக்க எங்க வெடிச்சிருக்கோ" எண்டு மறுத்திட்டார். 12 கிலோவுக்கு மேல இருந்த துண்டு, முடிய மூண்டரைக் கிலோ, மிச்சமெல்லாம் சுருள் சுருளா லேத்துக்குக் கீழ. விலை ஏன் கூட எண்டு கேக்கிற ஆக்கள் அந்தக் குவியலைப் பாக்கோணும்.

துளை, டம்பர் உக்காருற தோள், முகம் மூண்டையும் ஒரே பிடியில, சக்கிலயிருந்து (லேத்தில இரும்பைப் பிடிக்கிற வாய்) கழட்டாமலே முடிச்சவர். கழட்டித் திருப்பிப் பூட்டினா நடு மாறிடும், டம்பர் தள்ளாடும். முடிய ஆட்டம் அளக்கிற டயல் வைச்சுச் சுத்திக் காட்டினார், முள்ளு 0.02 மில்லிமீற்றருக்குள்ள நிண்டுது. துளையைக் கிராங்கைவிட 0.04 மில்லிமீற்றர் சிறிசா விட்டவர், அதையும் கடைஞ்ச சூட்டோட அளக்கேல்ல, இரவு முழுக்க ஆறவிட்டு விடியத்தான் அளந்தவர். கீவே சேப்பரில வெட்டினது, மூலையளைக் கூரா விடாமல் கொஞ்சம் உருட்டி விட்டிருக்கிறார், வெடிப்பு எப்பவும் கூர் மூலையிலதானே துவங்கும். கீவேக்கும் போல்ற் ஓட்டையளுக்கும் இடையில இருக்கிற கோணம் தப்பினா ரைமிங் மார்க் (பிஸ்ரன் எங்க நிக்குது எண்டு காட்டுற அடையாளம்) பொய் சொல்லும், அதால பழைய ஹப்பில கோடு கீறி மாத்தி எடுத்து, பேந்து முதலாம் பிஸ்ரனை மேல கொண்டு வந்தும் சரி பாத்தவர்.

என்னை அசத்தினது சீல் ஓடுற கழுத்துத்தான். லேத்தில எவ்வளவு வழுவழுப்பாக் கடைஞ்சாலும் கடையிற கத்தி போன பாதை நூல் மாதிரிச் சுருளா இருக்கும், அந்தச் சுருள் சுத்தச் சுத்த ஓயிலை வெளியால தள்ளும், பம்பு வைச்ச மாதிரித்தான். அதால கழுத்தை மட்டும் நெருப்பால சூடாக்கித் தோய்ச்சு இறுக்கி, கிராங் கிரைண்டிங் செய்யிற தன்ர கூட்டாளியிட்டக் கொண்டுபோய், கல்லை இடம் வலம் நகர்த்தாமல் நேர உள்ளுக்க விட்டுத் தீட்டுவிச்சவர். நான் முதல்ல சொன்ன துளை, தோள், முகம் மூண்டையும் கடைசியா முடிச்சதும் இந்தத் தோய்ச்சலுக்குப் பிறகுதான், சூட்டில உருக்கு நெளிஞ்சாலும் அளவு கெடாமல் இருக்க. புதுச் சீலையும் பழைய தடத்திலயிருந்து கொஞ்சம் தள்ளி உக்காத்தலாமோ எண்டு அளந்து பாத்தவர், புது ஹப்புக்குத் தேவையில்லைத்தான், ஆனா பழக்கம்.

பூட்டேக்கச் சுத்தியலுக்கு வேலையே இல்லை. ஓயில் சட்டிக்குள்ள ஹப்பைப் போட்டு 150 பாகைக்குச் சூடாக்கினா 45 மில்லிமீற்றர் துளை ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர் விரியும், 0.04 இறுக்கம் போக 0.02 இடம் இருக்கும், கையுறை போட்டுத் தூக்கி ஒரே தள்ளில உள்ளுக்க போயிட்டுது. நிண்டு யோசிக்க நேரமில்லை, மூக்கில பட்டவுடன சூடு இறங்கிப் பிடிச்சிடும். நடுப் போல்ற்றுக்குப் புதுசு, ரோர்க் றெஞ்சால இறுக்கினது, ஹப் ஆறினாப் பிறகு இன்னொருக்காப் பாத்தது.

இப்ப குறை சொல்லுற இடம். தவணை எண்டது அண்ணைக்குத் தெரியாத சாமான், நாளைக்கு எண்டா வாற கிழமை, வாற கிழமை எண்டா கேக்காதேங்கோ. போட் கரையில நிண்டா எங்களுக்கு வருமானம் இல்லை எண்டது தெரியும், ஆனா அவசரப்படுத்தினா வேலையை எடுத்து ஓரமா வைச்சிடுவார். போன் எடுக்கமாட்டார். பில் இல்லை. வரைபடம் கேட்டா கலண்டர்த் தாளின்ர பின்பக்கத்தைக் காட்டுறார், அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா நாளைக்கு இன்னொண்டு செய்யோணுமெண்டா அவரும் அந்தத் தாளும் இருக்கோணும். கிளிநொச்சியில எஞ்சினியரிங் படிக்கிற மருமகன் அதைப் பாத்துக் கொம்பியூட்டரில கீறித் தந்தவன், அதால எங்களுக்குத் தப்பிச்சுது. பலன்ஸ் பாக்கிற மெசினும் இல்லை, ஹப்பை ஒரு தண்டில ஏத்தி, ரெண்டு நேர்த் தகட்டுக்கு மேல அதை உருட்டிப் பாரமான பக்கம் கீழ வருதோ எண்டு பாக்கிறதோட சரி. மெல்லிய ஹப்புக்கு, எங்கட எஞ்சின் ஓடுற வேகத்துக்கு அது காணும் எண்டது என்ர கருத்து, 6000 க்கு மேல சுத்துற கார் எஞ்சினெண்டா நான் அதை நம்பமாட்டன்.

கூலி, இரும்பு, கிரைண்டிங் எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல போச்சு. மலிவில்லை. ஆனா ஓயில் ஒழுகிறது நிண்டிட்டுது, பெல்ற் நேர ஓடுது, முன் போல்ற்றில போட்ட பெயின்ற் கோடு அப்பிடியே நிக்குது. போட் ஆடுறது குறைஞ்சதோ எண்டு கேட்டவைக்குச் சொல்லுறன், இல்லை, குறையாது. டம்பர் அடக்கிறது கிராங்கின்ர முறுக்கை, அது காலில தெரியிற ஆட்டமில்லை. போட் நடுங்குதெண்டா மவுண்டிங்கையும் இன்ஜெக்டரையும் புறொப்பெல்லர்த் தண்டு நேரா நிக்குதோ எண்டதையும் பாருங்கோ, அதுக்கு டம்பர் மாத்துங்கோ எண்டு சொல்லிக் காசு பறிக்கிற ஆக்கள் இருக்கினம்.

போறவை பழைய ஹப்பை மட்டும் கொண்டு போகாதேங்கோ, நடுப் போல்ற், வாசர், கீ, சீல், டம்பர் பெட்டி எல்லாத்தையும் ஒண்டாக் கொண்டு போங்கோ, எஞ்சின் நிக்கிற இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வர வாகனமும் ஒழுங்கு பண்ணுங்கோ. காலமை எட்டு மணிக்கு முதல் போனா ஆறுதலாக் கதைப்பார். நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி ஏறினாப் பிறகு போய்ப் பிரயோசனமில்லை, தேர் தீர்த்தம் முடியுமட்டும் லேத்துக்கு மேல சீலை போட்டு மூடியிருக்கும்.