டிடிஏ2030ஏ ஆம்ப்: வருடக்கணக்கில் ஓடும்போது எது தாங்குகிறது, எது போகிறது

ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்குப் பாட்டின் சிக்னலைப் பெருக்கித் தரும், ஐந்து கால் கொண்ட இந்தச் சின்ன ஐசி லேசில் சாகாது. சுற்றி இருப்பவைதான் முதலில் படுக்கும். அதனால் காசையும் கவனத்தையும் அங்கே போடுங்கள்.

முதலில் பவர் சப்ளை. 12-0-12 டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜ், பக்கத்துக்கு ஒரு 4700 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போட்டால் பிளஸ் மைனஸ் 16 வோல்ட் வரும் என்பது கணக்கு. ஆனால் லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் 13.5 வோல்ட் கொடுத்தால் அது 18ஐத் தாண்டிவிடும். சாதா 2030இன் எல்லையே 18தான். 22 வரை தாங்கும் ‘ஏ’ வகையையே வாங்குங்கள். கண்டன்சர் 25 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

அடுத்தது சூடு. 16 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் ஐசியில் அதிகபட்சம் ஆறரை வாட் வெப்பம். 4 ஓம் என்றால் 13 வாட். சின்ன ஹீட் சிங்க்கில் (ஐசியின் சூட்டை வாங்கும் உலோகத் தகட்டில்) 4 ஓம் ஓட்டினால், சத்தமான இடத்தில் பாட்டு திடீரென அறுந்து, ஆறியதும் தானாகத் திரும்பி வரும். அது ஐசி பழுதல்ல, உள்ளிருக்கும் வெப்பக் காப்பு வேலை செய்கிறது. ஐசியின் முதுகுத் தகடு மூன்றாம் காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு, சேர்ந்தது. மின்சாரம் கடத்தாத மைக்கா தாளும் திருகுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டு முறுக்கிய பிறகு, முதுகுத் தகட்டுக்கும் சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கக் கூடாது. மெல்லிய உலோகப் பிசிறு ஒன்று மைக்காவைக் குத்தினாலே ஷார்ட் ஆகிவிடும்.

பாட்டே இல்லாமல் சிங்க் கொதித்தால் ஆஸிலேஷன், அதாவது ஐசி தானாகவே காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று சந்தேகப்படுங்கள். மூன்றாம், ஐந்தாம் கால்களுக்கு ஒட்டியே 100 நானோஃபாரட், அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 ஓமும் 220 நானோஃபாரடும் தொடராக, இவை இருக்கின்றனவா பாருங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று 22 கிலோ ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டரைச் சிறிதாக்குவதும் இதே வம்பில்தான் முடியும். கெயின் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) 24 டெசிபெலுக்குக் கீழே போனால் இந்த ஐசி நிலைக்காது. கெயினை நிர்ணயிக்கும் 22 கிலோ ஓமும் 680 ஓமும் அப்படியே இருக்கட்டும்.

ஹம் பெரும்பாலும் கிரவுண்ட் வயரிங் கோளாறு. ஃபில்டர் கண்டன்சர்கள் (பவர் சப்ளையின் அந்த இரண்டு 4700) சார்ஜ் ஆகும் மின்னோட்டம் ஓடும் கம்பியிலேயே இன்புட் கிரவுண்டைத் தொட்டால் ‘ர்ர்ர்’ என்ற உறுமல் போகவே போகாது. இரண்டு கண்டன்சரும் சேரும் நடுப்புள்ளியிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு கம்பி, இன்புட்டுக்குத் தனியாக ஒன்று இழுங்கள்.

முதன்முதலில் கரண்ட் கொடுக்கும்போது சீரீஸ் பல்ப் (மெயின்ஸ் கம்பியில் தொடராக மாட்டிய குண்டு பல்ப்) வழியாகக் கொடுங்கள். பல்ப் ஒருமுறை மின்னி மங்க வேண்டும். நின்று எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பல்பை எடுத்தபின், ஸ்பீக்கர் மாட்டாமலே அவுட்புட்டில் டிசி அளந்து, 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

சில வருடம் கழித்து ஹம் மெல்ல ஏறினால், சிங்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் காய்ந்திருக்கும். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதி. முதலிலேயே 105 டிகிரி வகையை வாங்கி, சிங்க்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். வால்யூம் திருப்பும்போது கரகரத்தால் கிளீனர் அடிப்பதற்கு முன் வால்யூம் கண்ட்ரோலின் மீது டிசி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் இன்புட் கண்டன்சர் லீக் ஆகிறது. அந்த இடத்தில் 1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் போட்டால் கரகரப்பு திரும்ப வராது.